வாரண்டி நீட்டிப்பா, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமா (ஏ.எம்.சி.), காப்பீடா: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு எது உதவும்?

பிரிட்ஜோ வாஷிங் மெஷினோ வாங்கிப் பில் போடும் இடத்தில் விற்பனையாளர் கடைசியாக ஒன்று கேட்பார்: "இன்னும் இரண்டு வருடம் வாரண்டி சேர்த்துவிடட்டுமா அண்ணா?" பொருளின் விலைக்கு முன்னால் அந்தத் தொகை சிறிதாகத் தெரிவதால் பலரும் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். எதற்கெல்லாம் பணம் கிடைக்காது, பாதியில் வேண்டாம் என்றால் எவ்வளவு திரும்பும் என்ற இரண்டு கேள்விகளும் அங்கே எழுவதே இல்லை. வேறு ஊர்க்காரர்கள் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். நம் இரு மாவட்டங்களில் முடியாது. இங்கே சாதனங்களைக் கெடுப்பவை பெரும்பாலும் போர் தண்ணீரும் ஏறி இறங்கும் மின்னழுத்தமும்தான். வாரண்டித் தாளில் 'பொருந்தாது' என்ற தலைப்பின் கீழ் முதலில் நிற்பவையும் அவையே.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். கடினத்தன்மைக்கு, அதாவது சூடானால் வெள்ளைப் படிவாக இறுகும் சுண்ணாம்பு வகை உப்புகளுக்கு, இந்த அளவுகள் 200, 600. புளோரைடுக்கு 1, 1.5. நம் பகுதி நிலத்தடி நீரில் புளோரைடு எவ்வளவு பெரிய துன்பம் என்பதை ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரே சொல்லும்: புளோரைடு மிகுவதால் பல்லும் எலும்பும் கெடும் புளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பதும் சேர்ந்ததுதான் அதன் முழுப்பெயர். ஜப்பானியக் கடனுதவியுடன் கட்டி 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் அது. அந்தக் குழாய் நீர் குடிக்கவும் சமைக்கவும் சரியாகிவிடுகிறது. குளியலுக்கும் துணிக்கும் பல வீடுகளில் இன்றும் போர் தண்ணீர்தான்.

பாலக்கோடு பக்கத்தில் என் அத்தை வீட்டு கீசரைக் கழற்றியபோது அருகில் இருந்தேன். சூடேற்றும் கம்பிச்சுருளின் மேல் விரல் கனத்துக்கு வெள்ளைப் படிவு இறுகியிருந்தது. மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதும் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. உள்ளே சுருள் வெடித்திருந்தது. "உப்புங்க அம்மா. கம்பெனி இதை ஏற்றுக்கொள்ளாது" என்று சொல்லிவிட்டு அவர் தாளை எடுத்துக் காட்டினார். நீட்டித்த வாரண்டியில் இன்னும் பத்து மாதம் பாக்கி இருந்தது. 'நீரின் தரத்தால் ஏற்படும் படிவு, அரிப்பு' விலக்கப்பட்டவை என்று அதில் அச்சிட்டிருந்தது. வந்துபோன செலவும் அத்தை தலையில்தான் விழுந்தது, ஏனென்றால் நகராட்சி எல்லைக்கு வெளியே பயணக் கட்டணம் உண்டு என்பது அதே தாளின் இன்னொரு வரி. தருமபுரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் ஊரகத்தில்தான் வாழ்கிறார்கள். அந்த ஒரு வரி இங்கே எத்தனை வீடுகளைத் தொடுகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாரண்டி நீட்டிப்பு

உற்பத்தியாளர் தருவது, கடைக்காரர் தருவது, இருவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது நிறுவனம் தருவது என்று இதில் மூன்று வகை உண்டு. மூன்றாவது வகையில்தான் தகராறு அதிகம். இயந்திரம் பழுதானால் பிராண்டின் சர்வீஸ் சென்டர் "எங்கள் வாரண்டி முடிந்துவிட்டது" என்று சொல்லும். கடைக்காரர் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுப்பார். அந்த எண்ணில் பேசுபவருக்கு அரூர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

'பத்து வருட வாரண்டி' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருப்பதையும் நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் அது கம்ப்ரசருக்கு மட்டும். வாயு நிரப்பும் செலவு, வேலைக்கூலி, மின்னணுப் பலகை ஆகியவை அதில் சேராது. மின்னழுத்தம் எகிறும்போது முதலில் போவது அந்தப் பலகைதான். இன்வெர்ட்டர் பேட்டரியில் 36+24 மாதம் என்று போட்டிருந்தால், முதல் 36 மாதத்துக்குள் கெட்டால் மாற்றித் தருவார்கள்; அடுத்த 24 மாதத்தில் புதிய பேட்டரி விலையில் ஒரு தள்ளுபடி கிடைக்கும், அவ்வளவுதான்.

சரிசெய்யவே முடியாத பழுது என்றால் வாங்கிய விலை முழுதாக வராது. தேய்மானம் கழித்த தொகையையே பல ஒப்பந்தங்கள் தருகின்றன, அதையும் சில கடைகள் தங்கள் கடையிலேயே செலவழிக்கும் கூப்பனாகத் தருகின்றன.

வேண்டாம் என்று நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. 'எக்காரணத்தாலும் பணம் திரும்பாது' என்ற வரியைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். தவணையில் வாங்கியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வாரண்டித் தொகை கடனோடு சேர்ந்துவிடுவதால், வாரண்டியை ரத்து செய்தாலும் மாதத் தவணை தானாகக் குறையாது. கடைக்காரர் ஒப்புக்கொண்டாலும் நிதி நிறுவனத்திடம் தனியாகப் போராட வேண்டியிருக்கும். வாரண்டியை வாங்கினால்தான் பொருள் தருவோம் என்று கட்டாயப்படுத்துவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை. பில்லில் அதைத் தனி வரியாகப் போடச் சொல்லும் உரிமையை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

என் கருத்தில் கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் இதை இங்கே வாங்குவது வீண். பெரிய திரை டி.வி.க்கு, அதுவும் உற்பத்தியாளரே நேரடியாகத் தந்தால், யோசிக்கலாம். அதைத் தண்ணீர் தொடுவதில்லை, ஸ்டெபிலைசர் வைத்தால் மின்சாரமும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது, திரை போனால் செலவோ மிக அதிகம்.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்

ஏ.எம்.சி. எனப்படும் இது, ஆர்.ஓ. குடிநீர்க் கருவிக்கு நம் ஊரில் உண்மையாகவே பயன்படுகிறது. ஆர்.ஓ. சவ்வு புளோரைடையும் வடிகட்டும். ஒகேனக்கல் நீர் எட்டாத வீட்டில் அந்தக் கருவி நின்றால், பிள்ளைகள் மறுபடியும் போர் தண்ணீரைக் குடிக்க வேண்டிவரும். பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த ஒரு தலைமுறையைப் பார்த்த ஊர்களில் இது அற்பமான விஷயம் இல்லை. அதனால் இங்கே பணத்தைவிட எத்தனை நாளில் ஆள் வருகிறார் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்றில் ஆள் வந்து சுத்தம் செய்வார், உதிரிபாகங்களுக்குத் தனிக் காசு. மற்றதில் வடிப்பான்களும் சவ்வும் சேர்ந்திருக்கும். உப்பு அதிகமான நீரில் சவ்வு சீக்கிரம் அடைபடும் என்பதால் சவ்வு சேராத ஒப்பந்தத்தை வாங்குவதில் பொருளில்லை. உள்ளே வரும் நீரின் உப்பளவுக்கு ஒப்பந்தம் ஏதேனும் உச்சவரம்பு வைத்திருக்கிறதா என்று கேட்டு, உங்கள் கிணற்று நீரை அவர் முன்னிலையிலேயே மீட்டரில் அளந்து, அந்த எண்ணை ஒப்பந்தத் தாளில் தேதியோடு எழுதி வாங்குங்கள். பின்னாளில் "உங்கள் தண்ணீர் சரியில்லை" என்ற பேச்சுக்கு அந்த ஒரு வரிதான் பதில்.

நிறுத்தும் விஷயத்தில் இதுவும் வாரண்டி நீட்டிப்பைப் போன்றதே. முன்பணமாகக் கொடுத்தது திரும்புவது அரிது. ஆனால் பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ உள்ளூரில் தொழில் செய்பவரிடம் பாதியை இப்போது, மீதியை ஆறு மாதம் கழித்து என்று பேசி முடிக்க இடம் உண்டு. ஆள் வராவிட்டால் மீதியைக் கொடுக்காமல் நிறுத்திக்கொள்ளலாம். பெரிய நிறுவனங்கள் இதற்கு இசைவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் உள்ளூர் ஆளின் பக்கம்.

வீட்டுக் காப்பீடு

இதைப் பலரும் வாரண்டியோடு குழப்பிக்கொள்கிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஏற்பாட்டில் 2021 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், தண்ணீர்த் தொட்டி உடைதல் போன்றவற்றால் வரும் இழப்புக்கானது. கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சத்துக்கு, வீட்டுப் பொருள்களும் தானாகச் சேரும். தேய்மானத்துக்குப் பணம் இல்லை. மின்கசிவால் பிரிட்ஜ் எரிந்தால் அந்தப் பிரிட்ஜுக்குக் கிடைக்காது. அதிலிருந்து பரவிய தீ சமையலறையை எரித்தால் சமையலறைக்குக் கிடைக்கும். சாதனப் பழுதும் வேண்டும் என்றால், வீட்டு உபயோகப் பொருள் பழுதை ஒரு பிரிவாக வைத்திருக்கும் இல்லத்தார் தொகுப்புப் பாலிசிகளைத் தனியாகக் கேட்க வேண்டும்.

மற்ற எல்லாவற்றையும் இது மிஞ்சுவது ரத்து விதிகளில்தான். ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி, காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் பாலிசியை நிறுத்தலாம். ஓராண்டு பாலிசியில் இழப்பீடு எதுவும் கோரியிராவிட்டால், மிச்சக் காலத்துக்கான பிரீமியத்தை விகிதப்படி திருப்பித் தர வேண்டும். நிறுவனம் தன்னிச்சையாக ரத்து செய்ய வேண்டுமானால் மோசடி நிரூபணமாகியிருக்க வேண்டும், அதற்கும் ஏழு நாள் முன்னறிவிப்பு தேவை. தகராறு என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வாரண்டி நீட்டிப்பு விற்பவர்களுக்கு மேலே இப்படி ஒரு கண்காணிப்பு இல்லாதது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஓசூரில் புதிதாக அடுக்குமாடி வீடு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளை, சொன்ன 30 நாளில் கட்டுநர் செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும் என்கிறது. அதற்குத் தனி வாரண்டி என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எதையும் வாங்காமல் பணத்தைச் சேர்ப்பது

மூன்று சாதனங்களுக்கு நீட்டிப்புக்கென்று ஒவ்வொன்றுக்கும் மூவாயிரம் ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒன்பதாயிரத்தை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டுவைத்தால் உப்பு, மின்னழுத்தம், பயணச் செலவு என்று எதற்கும் விலக்கு கிடையாது. தொடர் வைப்புக் கணக்கு இதற்கு ஆகாது. மூன்று ஆண்டுக்கு முன் அதை முடிக்க இயலாது. கீசரின் கம்பிச்சுருளை உள்ளூர் மெக்கானிக் அதே நாளில் மாற்றிவிடுவார். ஆண்டுக்கு ஒருமுறை படிவைச் சுரண்டச் சொன்னால் மாற்றும் தேவையே தள்ளிப்போகும். பெரிய பழுது முதல் ஆண்டிலேயே வந்தால் சேமிப்பு போதாது என்பது உண்மை. ஆனால் முதல் ஆண்டில் உற்பத்தியாளரின் சொந்த வாரண்டி இருக்கவே இருக்கிறது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்களுக்கு

குறைபாடுள்ள சேவையை நிறுத்தி, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது 2019 சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறை. ரத்துக் கடிதத்தை, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால், நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். ஒப்பந்தமே நியாயமற்றது என்று வழக்கிட்டால் அது சென்னையிலுள்ள மாநில ஆணையத்துக்குப் போய்விடும். ஆகவே மனுவில் சேவைக் குறைபாடு, பணத்தைத் திருப்பித் தர மறுத்தது என்ற இரண்டையும் முன்வைத்து எழுதினால் அலைச்சல் மிச்சம். பில், ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்கள், சர்வீஸ் ஆள் எழுதிக்கொடுத்த சீட்டு, தபால் ஒப்புகை ஆகிய நான்கையும் மனுவோடு இணையுங்கள்.