வேகமான கட்டிங்கா, நிதானமான கட்டிங்கா: தசை எதில் தங்கும்?

பளுப்பயிற்சி செய்பவர் தசையை இழக்காமல் கொழுப்பைக் குறைக்க முனையும்போது (ஜிம் மொழியில் இதுதான் ‘கட்டிங்’) அவர் முன் இரண்டு வழிகள் நிற்கின்றன. ஒன்று, அன்றாடக் கலோரித் தேவையில் ஏறக்குறைய பாதியை ஒரேயடியாக வெட்டிச் சில வாரங்களில் முடித்துக்கொள்வது. மற்றது, நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி வரை மட்டும் குறைத்து மாதக்கணக்கில் நிதானமாகப் போவது. சென்னை ஜிம்களில் முதல் வழிக்குத்தான் மவுசு; நெருங்கிவரும் கல்யாணத் தேதிக்கு அதில் பெரும் பங்குண்டு.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் 2011இல் வெளியான நார்வே ஆய்வு குறிப்பிடத்தக்கது. பல விளையாட்டுகளைச் சேர்ந்த 24 வீரர்களில் ஒரு பிரிவினர் வாரத்துக்கு உடல் எடையில் 0.7 விழுக்காடும், மற்றவர்கள் 1.4 விழுக்காடும் குறைப்பதை இலக்காகக் கொண்டனர். அனைவருமே வாரம் நான்கு முறை பளுப்பயிற்சி செய்தனர். முடிவில் இழந்த எடை ஏறக்குறைய சமமே. ஆனால் நிதானமாகக் குறைத்தவர்களுக்குத் தசையின் அளவைக் காட்டும், கொழுப்பு நீங்கலான உடல் எடை 2.1 விழுக்காடு கூடியது, வேகமாகக் குறைத்தவர்களுக்கு அது கூடவில்லை. நிதானப் பிரிவினர் கூடுதல் வாரங்கள் பயிற்சி செய்தார்கள் என்பதும் இந்த வேறுபாட்டுக்குக் காரணமாகலாம். வேகப் பிரிவினரின் தசை கரைந்துவிடவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேகமாகக் குறைத்தால் தசை கரைந்துவிடும் என்று ஜிம்மில் சொல்லப்படும் அச்சம் சற்று மிகைதான்.

வேகமான வழியைக் காப்பாற்றுவது புரதம். பயிற்சி பெற்ற வீரர்களுக்கு இரண்டு வாரங்கள் 40 விழுக்காடு கலோரியைக் குறைத்துப் பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 கிராம் புரதம் உண்டவர்கள் கொழுப்பு நீங்கலான எடையில் 1.6 கிலோ இழந்தனர், 2.3 கிராம் உண்டவர்களின் இழப்பு 0.3 கிலோ மட்டுமே.

இங்கேதான் சென்னைச் சாப்பாடு கணக்கைக் குழப்புகிறது. நம் தட்டில் பருப்பு, சோற்றின் துணையோடுதான் வருகிறது. சோற்றைப் பாதியாக்கினால் சாம்பாரும் தயிரும் தாமாகவே குறைந்துவிடுகின்றன. 80 கிலோ எடையுள்ளவருக்கு ஒவ்வொரு கிலோவுக்கும் 2.3 கிராம் என்றால் நாளொன்றுக்கு 184 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 30 கிராம், பனீர் 100 கிராமில் 18 கிராம் என்று கூட்டிப் பார்த்தால், கலோரியையும் பாதியாக வைத்துக்கொண்டு இந்த இலக்கை எட்டுவது அசைவம் உண்பவருக்கே கடினம். சைவருக்கு சோயா உருண்டையும், பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரோட்டீன் பொடியும் இல்லாமல் ஏறக்குறைய இயலாத காரியம். நிதானமான வழியில் 1.6 முதல் 2 கிராம் வரை போதுமானது. அதற்கு மீன் குழம்பும் சுண்டலும் முட்டையும் இடம்பெறும் சாதாரண வீட்டுச் சாப்பாட்டையே சற்றுத் திருத்தினால் போதும்.

எடை இயந்திரமும் வேகமான வழிக்குச் சாதகமாகப் பொய் சொல்கிறது. தசையில் சேமிக்கப்படும் சர்க்கரை இருப்பான கிளைக்கோஜன், கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால், முதல் வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பகுதி நீரே. மே மாத வியர்வையும் சேர்ந்துகொண்டால் இயந்திரம் காட்டும் எடையை நம்புவதற்கில்லை.

ஏற்கெனவே ஒல்லியாக உள்ள, ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்தவருக்கு நிதானமான வழியையே பரிந்துரைப்பேன். கரைக்கக் கொழுப்பு குறைவாக இருக்கும்போது தசையில் கைவைக்கும் வாய்ப்பு அதிகம். தொப்பையோடு புதிதாகச் சேர்ந்தவர் புரதத்தை விடாமல் நான்கு வாரங்கள் வேகமாகக் குறைத்துவிட்டு, பிறகு நிதானத்துக்கு மாறலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. எந்த வழியானாலும், தூக்கும் எடையைக் குறைத்து, தூக்கும் தடவைகளின் எண்ணிக்கையைக் கூட்டும் பழைய வழக்கம் வேண்டாம். எடையை அப்படியே வைத்துக்கொண்டு, சோர்வு மிகுந்தால் செட்டுகளை (இடைவெளி விட்டுச் செய்யும் சுற்றுகளை) மட்டும் குறைக்கலாம். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் பயிற்சிகளில் தூக்க முடிகிற எடை தொடர்ந்து சில வாரங்கள் இறங்கினால், கலோரியை வெட்டியது அதிகம் என்று கொண்டு சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.