வேலைநிறுத்த நாளில் ‘உறுதி செய்யப்பட்ட’ வாடகை வண்டியை நம்பிப் புறப்படுவோர் கவனத்திற்கு

பேருந்தும் ரயிலும் ஓடாத நாளில் அலுவலகம் போய்ச் சேர, முதல் நாள் இரவே செயலியில் வண்டி பதிவு செய்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போக்குவரத்துத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் நடந்த வாரத்தில், ஒரு வாடகை வண்டிச் செயலி என்னிடமும் என்னுடன் பயணித்த ஒரு பெண்ணிடமும் நடந்துகொண்ட விதத்தைச் சேவைக் குறைபாடு என்று மட்டும் சொல்ல முடியாது. பணத்தை வாங்கிக்கொண்டு பாதி வழியில் இறக்கிவிட்டதை ஏமாற்று என்றுதான் சொல்ல வேண்டும். புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இரவில் பதிவு செய்தபோது, கட்டணத் தொகையுடன் ‘உங்கள் பயணம் உறுதி செய்யப்பட்டது’ என்ற செய்தி வந்தது. காலையில் ஒதுக்கப்பட்ட ஓட்டுநர் அழைத்து, எங்கே போக வேண்டும், கையில் பணமாகத் தருவீர்களா என்று கேட்டார். செயலி வழியாகவே செலுத்துவேன் என்றதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். அதன்பின் வரைபடத்தில் அவருடைய வண்டி நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை. ஓட்டுநர் ரத்து செய்தால் அது அவருடைய கணக்கில் குறையாகப் பதிவாகும். அவர் அசையாமல் இருந்தால், அலுவலகத்துக்கு நேரமாகிறதே என்ற பதற்றத்தில் பயணியே ரத்து செய்வார், ரத்துக் கட்டணமும் பயணியின் தலையிலேயே விழும். வேலைநிறுத்த நாளில் இந்தக் காத்திருப்பு விளையாட்டு மிகப் பரவலாக நடக்கிறது. நான் ரத்து செய்யாமல் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து வேறொரு வண்டி ஒதுக்கப்பட்டபோது, இரவு காட்டிய கட்டணம் காணாமல்போய், அந்த நேரத்துக் கட்டணம் பல மடங்காக ஏறி நின்றது. முன்பதிவு என்பது வண்டி கேட்டு வைக்கும் ஒரு கோரிக்கை மட்டுமே, வண்டிக்கோ கட்டணத்துக்கோ உத்தரவாதம் இல்லை என்ற வரி, யாரும் திறந்து பார்க்காத விதிமுறைப் பக்கத்தின் அடியில் இருக்கிறது. அப்படியானால் ‘உறுதி’ என்று செய்தி அனுப்ப அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

வந்தது பகிர்வுப் பயண வண்டி. மருத்துவமனை ஒன்றில் துப்புரவுப் பணி செய்யும் பெண் ஏற்கெனவே உள்ளே இருந்தார்; தாமதமானால் அன்றைய கூலியில் பிடித்துக்கொள்வார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதித் தொலைவில் ஒரு மேம்பாலத்தின் அடியில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, இதற்கு மேல் நெரிசல், கூடுதல் பணத்தைக் கையில் கொடுத்தால்தான் போக முடியும் என்றார். நான் மறுத்தேன். அவர் கைப்பேசியில் ‘பயணம் முடிந்தது’ என்ற பொத்தானை அழுத்தினார். அடுத்த நொடியே முழுக் கட்டணமும் என் கணக்கிலிருந்து கழிந்த குறுஞ்செய்தி வந்தது. அந்தப் பெண்ணுக்கு மறுக்கும் வசதிகூட இல்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு அதே வண்டியில் போனார். செயலியில் முடிந்துவிட்டதாகக் காட்டும் பயணத்தில் அவர் அமர்ந்து சென்றார் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. வழியில் ஏதேனும் நேர்ந்திருந்தால் அவர் யாரிடம் போய் நின்றிருப்பார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்கு வந்த ரசீதே இந்த ஏமாற்றுக்குச் சாட்சி. அதில் சேரும் இடம் என்று என் அலுவலக முகவரி அச்சாகியிருக்கிறது. அதன் மேலுள்ள சிறிய வரைபடத்திலோ, பயணக் கோடு மேம்பாலத்தின் அடியிலேயே நின்றுவிடுகிறது. இதைச் சுட்டிக்காட்டி எழுதிய ஒவ்வொரு முறையும், ‘கட்டணம் உங்களுக்கு முன்கூட்டியே காட்டப்பட்டு, உங்களால் ஏற்கப்பட்டது’ என்ற ஒரே பதில்தான் வந்தது. கோரிக்கையைப் படிக்கும் மனிதர் எவரும் அந்தப் பக்கம் இருப்பதாகத் தெரியவில்லை. ஓட்டுநரை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. சேராத இடத்தில் பயணத்தை முடிக்க அனுமதிக்கும் பொத்தானை வைத்தவர்கள், அதை அழுத்தியவரைவிடப் பெரிய பொறுப்பாளிகள்.

இப்படித்தான் நடக்கும், வேறு வழியில்லை என்பதும் உண்மையல்ல. 2005 டிசம்பர் 20 முதல் 22 வரை நியூயார்க்கில் 30,000-க்கும் மேற்பட்ட போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நகர நிர்வாகம் நகரை மண்டலங்களாகப் பிரித்து, ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று டாக்சிக் கட்டணத்தை நிர்ணயித்து, ஒரே வண்டியில் பலரை ஏற்றவும் அனுமதித்தது. காலை நேரத்தில் நான்கு பேருக்குக் குறைவாக ஏற்றிய கார்கள் நகரின் மையப் பகுதியான மன்ஹாட்டனில் 96-ஆம் தெருவுக்குத் தெற்கே நுழையத் தடையும் இருந்தது. வேலைநிறுத்தம் தொழிலாளர்களின் உரிமைப் போராட்டம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். முன்னறிவிப்போடு வரும் நெருக்கடிக்குக் கட்டண வரம்பு கூட விதிக்காமல் பயணிகளை விட்டுவிடும் நிர்வாகத்தையே கேட்க வேண்டும்.

நீங்கள் புறப்படும் முன் சில செய்திகள். தேவை மிகுந்த நேரத்துக் கட்டணம், அந்தந்தப் பகுதியில் எத்தனை பேர் வண்டி கேட்கிறார்கள், எத்தனை வண்டிகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. ஆகவே மூடிய நிலையத்தின் வாசலில் கூட்டத்தோடு நின்று கேட்பதைவிடச் சில தெருக்கள் தள்ளிப் போய்க் கேட்டால் தொகை குறையக்கூடும். வேலைநிறுத்தத்தின்போது எல்லாத் தடங்களும் மூடுவதுமில்லை. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் வேலைநிறுத்தத்தின்போது பல நிலையங்கள் மூடப்பட்டாலும் மற்றவை திறந்தே இருந்தன; வேறு வழி தேடிப் போனவர்களின் பயண அட்டைத் தரவை ஆராய்ந்தவர்கள், பயணிகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் புதிய வழியிலேயே தொடர்ந்ததைக் கண்டார்கள். நடையும் கலந்த ஒரு வழியை முதல் நாளே பார்த்து வைத்திருந்தால், மேம்பாலத்தின் அடியில் பேரம் பேசுபவருக்குப் பணிய வேண்டிய கட்டாயம் குறையும்.

குழுக்களில் சுற்றும் ‘வேன் இருக்கை, முன்பணம் செலுத்தவும்’ என்ற செய்திகளையும் நம்ப வேண்டாம். என் அலுவலக நண்பர் ஒருவர் அப்படிப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த இடத்தில், அதே இருக்கைக்குப் பணம் கட்டிய வேறு சிலரும் நின்றிருந்தார்கள்.

முன்பதிவின்போது காட்டிய கட்டணம், ஏறும்போது காட்டிய கட்டணம், ஓட்டுநர் அழைத்த நேரம், வண்டி எண், இறக்கிவிட்ட இடத்தின் வரைபடம் ஆகியவற்றை அங்கேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பயணம் முடிந்ததும் பல விவரங்கள் செயலியிலிருந்து மறைந்துவிடுகின்றன. எனக்கு நிறுவனம் கடைசியாக அனுப்பியது, குறுகிய காலத்துக்குள் செலவழிக்க வேண்டிய வாலட் தொகை. அதை ஏற்றுக்கொள்ளும் பொத்தானின் கீழே, ஏற்றவுடன் புகார் முடிந்ததாகக் கருதப்படும் என்று பொடி எழுத்தில் இருந்தது. நான் அதை ஏற்காமல், ரசீதையும் வரைபடத்தையும் இணைத்து வங்கியிலும் நுகர்வோர் குறைதீர் அமைப்பிலும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். அதே வாரத்தில் இதே முறையில் இறக்கிவிடப்பட்டவர்கள் தங்கள் ரசீதை அழிக்காமல் வைத்திருந்து, தாங்களும் புகார் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.