கீறல் விழுந்த சிடியை ஐஎஸ்ஓ ஆக்க: டிடியா, டிடிரெஸ்க்யூவா?

லினக்ஸில் டேட்டா சிடியை ஐஎஸ்ஓ கோப்பாக, அதாவது முழு சிடியின் நகலை ஒரே கோப்பாக, எடுக்க டிடி (dd) என்ற கட்டளை போதும். பெரும்பாலும் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. சிடி நல்ல நிலையில் இருந்தால் நானும் அதைத்தான் பயன்படுத்துவேன். கீறல் இருந்தால் முதல் பிழையிலேயே நின்றுவிடும். பிழையைத் தாண்டிப் போகச் சொல்லலாம், சரி. ஆனால் விட்டுப்போன இடத்தில் பூஜ்யத்தை நிரப்பச் சொல்ல மறந்தால் பின்னால் வரும் தரவு இடம் மாறிவிடலாம்.

பழுதான சிடி, டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ (ddrescue) நிரல் வேறு ரகம். முதலில் நல்ல பகுதிகளை அள்ளிக்கொள்ளும், அப்புறம்தான் கெட்ட இடங்களோடு மல்லுக்கட்டும். எது முடிந்தது, எது பாக்கி என்று ஒரு மேப் கோப்பில் குறித்து வைக்கும். அதனால் பாதியில் நிறுத்தி, சிடியைத் துடைத்து, வேறு டிரைவில் போட்டுக்கூடத் தொடரலாம். செக்டர் (சிடியில் தரவு பிரிக்கப்பட்டிருக்கும் சிறு துண்டு) அளவை மட்டும் 2048 பைட் என்று கொடுத்துவிடுங்கள். சொல்லாவிட்டால் 512 என்று எடுத்துக்கொள்ளும்.

பாட்டு சிடிக்கு இரண்டுமே உதவாது. அதற்கு சிடிபாரனோயா (cdparanoia) என்ற நிரல் இருக்கிறது.