முகவரி இல்லாத முகக்களிம்பு

சுண்ணாம்பு டப்பா அளவில் ஒரு வெள்ளை டப்பா. மூடியில் தங்க நிறத்தில் ஒரு பூ. வேறு எதுவும் இல்லை. யார் செய்தது, எங்கே செய்தது, என்ன போட்டுச் செய்தது, எந்த மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், ஒன்றும் இல்லை. கடலைமிட்டாய் பாக்கெட்டைக்கூடத் திருப்பிப் பார்த்து, தேதி பார்த்து வாங்குகிறவள் நான். இந்த டப்பாவில் இருந்ததை ஆறு மாதம் முகத்தில் தடவினேன்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் கன்னங்களில் மங்கு விழுந்தது. வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கல்யாண வீடுகளில்தான் பேச்சு வரும்: "முகத்தைக் கொஞ்சம் கவனிக்கக் கூடாதா?" புருவம் திருத்தப் போகிற அழகு நிலையத்து அக்கா ஒருநாள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து இந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தார். "முழுக்க மூலிகை. கடையில் கிடைக்காது." 450 ரூபாய். பில் கிடையாது. நானும் விவரமானவளாக, "எனக்கு ஒத்துக்கொள்ளுமா?" என்று கேட்டேன். முழங்கைக்குக் கீழே, உட்புறத்தில் ஒரு பொட்டு தடவிவிட்டார். மறுநாள் மாலை வரை பார்த்தேன். சிவக்கவில்லை, அரிக்கவில்லை. அந்தச் சோதனையை நம்பித்தான் முகத்துக்கு எடுத்துப்போனேன்.

ஐந்தாம் நாளே மங்கு மங்கத் தொடங்கியது. பத்தாம் நாள் பள்ளிக்கூட வாசலில், மகளோடு படிக்கிற பிள்ளையின் அம்மா, "என்ன தடவுகிறீர்கள்?" என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன்.

நான்காம் மாதத்தில் வெயிலில் நின்றால் கன்னம் காந்தியது. மேலுதட்டில் பூனைமுடி அடர்ந்தது. மூக்கோரத்தில் சிவப்பு நூலை ஒட்டவைத்தது போல மெல்லிய ரத்தக் குழாய்கள் தெரிந்தன. அக்காவிடம் காட்டினேன். "உள்ளே இருக்கிற கழிவு வெளியேறுகிறது. நடுவில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்" என்றார். நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

மாமியார் ஊரில் ஒரு துக்கம். அவசரத்தில் டப்பாவை எடுத்துப்போக மறந்துவிட்டேன். மூன்றாம் நாள், அடுப்புக்குள் முகத்தை நீட்டியது போல் எரிந்தது. தாடையோரம் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள். பச்சைத் தண்ணீர் பட்டாலே உயிர் போனது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் களிம்பைத் தடவினேன். ஒரே இரவில் பாதி அடங்கிவிட்டது. எரிந்தபோது வராத பயம், அப்படி அடங்கியபோதுதான் வந்தது.

தோல் டாக்டர் லென்ஸை வைத்து ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "ஸ்டீராய்டு" என்றார். டப்பாவைச் சோதிக்காமல் எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "உங்கள் முகமே சொல்கிறதே அம்மா." இப்படிப்பட்ட முகத்துக்கு அவர்கள் தொழிலில் தனிப் பெயரே இருக்கிறது: ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம்.

மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஒரு சுவர் வரைந்தார். தோலின் ஆக மேலே, ஒரு முடியின் பருமன்கூட இல்லாத இடத்தில், ஏறக்குறைய 15 முதல் 20 அடுக்குச் செத்த செல்கள் செங்கல் போல அடுக்கியிருக்கின்றன. நடுவில் பூசிய சாந்து கொழுப்பு. அதில் பாதியளவு செராமைடு என்ற ஒருவகைக் கொழுப்பு, மற்றவை கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும். உள்ளிருக்கும் நீர் வெளியே போகாமலும் வெளியிலிருக்கும் கிருமி உள்ளே வராமலும் காப்பது இந்தச் சுவர்தான். புதுச் செல் அடியில் பிறந்து, மேலே ஏறி, உதிர்வதற்குச் சுமார் நான்கு வாரம். வயது கூடினால் இன்னும் தாமதம். நிறம் தருகிற மெலனினும் அடித்தட்டில் உண்டாகி அந்தச் செல்களோடுதான் ஏறி வருகிறது.

அப்படியானால் என் முகம் ஐந்து நாளில் வெளுத்தது எப்படி? ரத்தக் குழாய்கள் சுருங்கியதால். ஒரு ஸ்டீராய்டு களிம்பு எவ்வளவு வீரியம் என்று அளக்க, தடவிய இடம் எவ்வளவு வெளிறுகிறது என்று பார்க்கும் முறை 1962-இலேயே வந்துவிட்டது. அந்த வெளிறலைத்தான் நான் பொலிவு என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் சாந்து குறைந்துகொண்டிருந்தது, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் குறைந்துகொண்டிருந்தது, தோல் மெலிந்துகொண்டிருந்தது.

கையில் செய்த சோதனையைச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார். சிவப்பையும் அரிப்பையும் அடக்குவதுதான் அந்த மருந்தின் வேலை, பிறகு கை எப்படிச் சிவக்கும்? போதாததற்கு, ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை வைத்து 1967-இல் அளந்த கணக்கில், முன்கையின் உட்புறம் உறிஞ்சுவதைப் போல நெற்றி 6 மடங்கும் தாடையோரம் 13 மடங்கும் உறிஞ்சுகிறது. எனக்குக் கட்டிகள் முதலில் வந்த இடம் தாடையோரம்.

அழகு நிலையத்தில் போய்ச் சண்டை போட்டேன். "இது நான் கொடுத்தது என்று இதில் எங்கே எழுதியிருக்கிறது?" என்றார் அக்கா. எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், கலந்த பொருள்கள் எல்லாம் அழகுப்பொருளின் மேல் இருந்தாக வேண்டும். ஸ்டீராய்டு களிம்புகளோ மருந்துக் கடையிலேயே சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. விதிவிலக்காகத் தப்பியிருந்த 14 வகைகளையும் 2018 மார்ச்சில் மத்திய அரசு, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. பில் இல்லாமல் வாங்கிய நான் இதையெல்லாம் யாரிடம் போய்ப் பேசுவது? டப்பாவை மட்டும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனுவோடு கொடுத்துவிட்டு வந்தேன்.

ஸ்டீராய்டோடு போனதில் எனக்கு அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்வேன். பெயரில்லாத சிவப்பழகுக் களிம்புகளில் பாதரசமும் கலக்கிறார்கள். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே ஒரே வகைச் சிறுநீரகக் கோளாறோடு வந்த 15 பேரில் 13 பேர் இப்படிப்பட்ட களிம்பு தடவியவர்கள்.

எனக்குக் குணமாக நான்கு மாதம் பிடித்தது. முதல் மூன்று வாரம் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவைத்திருந்தேன். டாக்டர் கொடுத்த மாத்திரை, நுரைக்காத ஃபேஸ்வாஷ், வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பு, சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். மங்கு திரும்ப வந்துவிட்டது, முன்பைவிடக் கொஞ்சம் கருப்பாக. நீங்கள் இப்படி எதையாவது தடவிக்கொண்டிருந்தால் சொந்தமாக நிறுத்திப் பார்க்காதீர்கள். டப்பாவோடு நேராகத் தோல் டாக்டரிடம் போங்கள்.

டாக்டரைப் பார்த்த மறுநாளே பள்ளிக்கூட வாசலில் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேற்றும் சொன்னேன். "லேசாக எரிகிறதுதான். கழிவு வெளியேறுகிறதாமே" என்கிறார்.