ஹேண்ட்பால் ஆப் ரிவ்யூ: கோல் மட்டும் போதும்னா ஓகே, தினாரைப் பார்க்கணும்னா ஃபுல் மேட்ச்தான்

பழைய ஹேண்ட்பால் மேட்ச்லாம் இருக்குன்னு ஒரு ஸ்ட்ரீமிங் ஆப்புக்கு ரெண்டு மாசம் காசு கட்டினேன், ஆப் பேரு போடல, எதுக்கு வம்பு. போனதே ஒரே ஆளுக்காகத்தான், திதியே தினார். குவைத் காசு இல்லங்க, ஃபிரான்ஸ் டிஃபெண்டர். கரீபியன் பக்கம் ஃபிரான்ஸுக்குச் சொந்தமான குவாதலூப் தீவுல 1977ல பொறந்தவரு, ஹேண்ட்பால்காரங்க வெச்ச பட்டப்பேரு 'பாறை'.

மொதல்ல ஹைலைட்ஸ் பேக் எடுத்தேன், அங்கதான் ஏமாந்தேன். 2009 வேர்ல்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல், ஜாக்ரெப்ல, குரோஷியா சொந்த நாட்டுல ஆடுது, ஃபிரான்ஸ் 24-19ல ஜெயிச்சுது. அவங்க ஊர்லயே அவங்களை 19 கோலோட மடக்கினதுதான் அந்த மேட்சே, ஆனா இவங்க வெட்டிப் போட்ட வீடியோல கோல், கோல், திரும்ப கோல், நடுவுல ஃபிரான்ஸ் கோல்கீப்பர் ஓமேயரோட சில சேவ். தினாரைத் தேடித் தேடிப் பார்த்தா ஒரு இடத்துல முதுகு தெரியுது, அவ்ளோதான். பிளேயர் பேஜ்லயும் கோல் கணக்கு மட்டும்தான் இருக்கு, 2008, 2012 ரெண்டு ஒலிம்பிக் தங்கம், மூணு வேர்ல்ட் டைட்டில் வாங்கின மனுஷன் அங்க பெஞ்ச் தேய்ச்ச ஆளு மாதிரி கிடக்காரு.

அப்புறம் கடுப்பாகி ஃபுல் மேட்ச் பிளானுக்கு மாறினேன். இது வேற லெவல். 6 மீட்டர் கோட்டுக்கு முன்னாடி ஆறு பேரு வரிசையா நிக்கறாங்க, நடுவுல இவரு, எதிர் டீம் பிவட் (டிஃபென்ஸ் வரிசைக்குள்ளயே புகுந்து நிக்கற அட்டாக்கர்) இவர் இடுப்போட ஒட்டிக்கிட்டு எப்படியாவது திரும்பிடலாம்னு முண்டறான், இவரு ஒரு கையை அவன் மேல வெச்சுக்கிட்டே கண்ணை மட்டும் பால் மேல வெச்சிருக்காரு, வெளியில இருந்து ஷூட்டர் எகிறப் போறான்னு தெரிஞ்சதும் ரெண்டடி முன்னாடி போய் கையோட சேர்த்து கட்டிப்பிடிச்சுடறாரு. முடியலன்னா கையைத் தூக்கி கோல்ல ஒரு பக்கத்தை மறைச்சுடுவாரு, மிச்ச பக்கம் கோல்கீப்பர் பாடு. கொஞ்சம் லேட்டா போய்ப் பிடிச்சா 2 நிமிஷம் வெளிய உட்காரணும், அது மூணு தடவை ஆச்சுன்னா ரெட் கார்டு, அந்த பயத்தோடவே 60 நிமிஷ மேட்ச்ல இப்படி மல்லுக்கட்டணும். பால் ஃபிரான்ஸ் கைக்கு வந்ததும் நேரா பெஞ்சுக்கு ஓட்டம், அட்டாக் ஆடறவரு உள்ள வருவாரு. ஹைலைட்ஸ்ல ஆளே காணாமப் போறது இதனாலதான், கோல் விழற நேரத்துல மனுஷன் தண்ணி குடிச்சிட்டு இருக்காரு.

கிளப் மேட்ச் கலெக்ஷன் சுமார். ஃபிரான்ஸ் கிளப் மோன்பெல்லியேயோட 2003ல ஹேண்ட்பால் சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பா கிளப்களுக்கான கப்) ஜெயிச்சாரு, அப்புறம் ஸ்பெயின்ல சியூதாத் ரியாலோட மூணு தடவை, ஆனா ஆப்ல அதெல்லாம் துண்டு துண்டாத்தான் இருக்கு.

தினார் ஃபிரான்ஸ் டீமுக்கு கோச் ஆனப்புறமும் இதே கதைதான். 2017 ஜனவரில பாரிஸ்ல வேர்ல்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல், நார்வேயை 33-26ல அடிச்சாங்க, பக்கத்துல கியோம் ஜீல், ரெண்டு பேரும் சேர்ந்துதான் டீமை நடத்தினாங்க. டைம்அவுட்ல கோச் பேசற அந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு வேணும், ஹைலைட்ஸ்ல மொதல்ல கத்திரி போடறது அதுலதான். ஃபுல் மேட்ச்ல இருக்கு, எனக்கு ஃபிரெஞ்சு தெரியாது, ஆனா கையால டிஃபென்ஸ் லைனை முன்னாடி தள்ளு, பின்னாடி வான்னு காட்டறது புரியும். 2018 யூரோ (ஐரோப்பிய சாம்பியன்ஷிப்) வெண்கலம், 2019 வேர்ல்ட் வெண்கலம், அதுவரைக்கும் ஓகே. 2020 ஜனவரி யூரோல போர்ச்சுகல்கிட்டயும் நார்வேகிட்டயும் தோத்து மொத ரவுண்டுலயே வெளிய, அந்த மாசமே வேலை காலி. அந்த மேட்ச் ஹைலைட்ஸ்ல மட்டும் அவர் மூஞ்சியை நல்லா குளோசப்ல காட்டறாங்க, என்னத்த சொல்ல.

5க்கு 3. ஃபுல் மேட்ச் பிளானை ஒரு மாசத்துக்கு மட்டும் எடுங்க, எடுத்த அன்னிக்கே ஆட்டோ ரினியூவலை ஆஃப் பண்ணிடுங்க, எனக்கு ரெண்டாவது மாசக் காசு போனது அதை ஆஃப் பண்ணாததாலதான்.