அட்லாண்டா பெல்ட்லைன் கிழக்குப் பாதை: நடக்க அருமை, காசு வந்த வழிதான் உறுத்துகிறது

ஐந்துக்கு மூன்றரை. பாதைக்கு மட்டும் என்றால் தாராளமாகக் கூட்டிப் போட்டிருப்பேன்.

பெல்ட்லைன் என்பது அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தைச் சுற்றிப் பழைய ரயில் தடங்களில் போடும் நடைபாதை வளையம், அதில் ஒரு துண்டுதான் இந்தக் கிழக்குப் பாதை. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பீட்மாண்ட் பூங்கா மூலையில் ஏறி இர்வின் தெரு வரை இரண்டு மைலுக்குக் கொஞ்சம் மேல், 2012-ல் திறந்த பகுதி. பழைய ரயில் தடம் என்பதால் மேடு பள்ளம் அதிகம் இல்லை, குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே போகலாம், பாலங்களுக்கு அடியில் சுவரெல்லாம் ஓவியம், பசித்தால் வழியிலேயே பான்ஸ் சிட்டி மார்க்கெட். 1926-ல் சியர்ஸ் கம்பெனி கட்டிய பிரம்மாண்டமான கட்டடம், நடுவில் மாநகராட்சி அலுவலகமாக இருந்து இப்போது சாப்பாட்டுக் கடைகளும் வீடுகளும். வார நாள் காலையில் போங்கள். சனிக்கிழமை மாலை சைக்கிள், ஸ்கூட்டர், நாய் எல்லாவற்றுக்கும் ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க வேண்டும்.

சரி, காசு. 22 மைல் வளையமாக இதை 1999-ல் ஆய்வேட்டில் வரைந்தவர் ஜார்ஜியா டெக் மாணவர் ரயன் கிராவல். 2005-ல் நகரம் இதற்கென்றே ஒரு வரி வட்டாரம் அமைத்தது. அன்றைய சொத்து மதிப்புக்கான வரி வழக்கம்போல நகரத்துக்கும் கவுண்டிக்கும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பள்ளிகளுக்கும் போகும், அதற்கு மேல் மதிப்பு ஏறி வருகிற கூடுதல் வரி 25 வருஷத்துக்கு இந்தத் திட்டத்துக்கு. 2008 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் பள்ளி வரியை இதற்கு எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட, அதே நவம்பரில் ஒபாமாவுக்கும் மெக்கெயினுக்கும் ஓட்டுப் போட்ட சீட்டிலேயே பள்ளி வரியையும் எடுக்க வழிவிடும் அரசியல் சட்டத் திருத்தம் 2 என்று மக்களிடம் கேட்டு, குறைந்த வித்தியாசத்தில் அனுமதி வாங்கினார்கள். நேரம் பாருங்கள், அப்போதுதான் வீட்டு விலையெல்லாம் சரிந்தது, எதிர்பார்த்த வரி வரவில்லை. பள்ளிகளுக்கு ஈடாக நகரம் ஒப்புக்கொண்ட தொகையும் நிலுவையில் விழுந்து, இழுபறியாகி, 2016-ல்தான் சமரசம்.

என் குறை இதுதான்: பின்தங்கிய இடத்தைத் தூக்கிவிடத்தான் இந்த ஏற்பாடு, ஆனால் சொத்து மதிப்பு ஏறினால்தான் கல்லாவில் காசு விழும். ஏறினால் வாடகையும் ஏறும், அங்கேயே காலம் காலமாக இருந்தவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். 2030-க்குள் கட்டுப்படியாகும் விலையில் 5,600 வீடுகள் என்று இலக்கு வைத்தார்கள்; அதில் காட்டும் அக்கறை போதாது என்று கிராவலே 2016-ல் திட்டத்துக்குத் துணையாக இருந்த அமைப்பின் குழுவிலிருந்து விலகினார். திட்டம் போட்டவரே வெளியேறினால் அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

வளையம் முழுக்க ரயில் ஓடும் என்றும் சொல்லியிருந்தார்கள். ஓடவில்லை. கிழக்கைப் பார்த்தவர்கள் 2017-ல் திறந்த மேற்குப் பாதையையும் ஒரு நடை நடந்துவிட்டு மதிப்பெண் போடுங்கள், தூக்கிவிடுவதாகச் சொன்ன பின்தங்கிய பகுதி எது என்று அங்கேதான் புரியும்.