வாடகை வீட்டில் ஈய அபாயம் நீக்கும் மானியம்: வீட்டு உரிமையாளரின் மதிப்புரை

அமெரிக்காவின் வடகிழக்கில் நாங்கள் வசிக்கும் நகரில் எங்களுக்கு 1924-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இரண்டடுக்கு மரவீடு ஒன்று உள்ளது. இரண்டு தளங்களையும் இரண்டு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். 2022 டிசம்பரில், மேல்தளத்தில் குடியிருப்பவர்களின் இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு எடுத்த இரத்தப் பரிசோதனையில், ஒரு டெசிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் ஈயம் இருப்பது தெரியவந்தது. நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் 3.5 மைக்ரோகிராமைக் கவனிக்க வேண்டிய அளவாக வைத்திருக்கிறது. சுகாதாரத் துறையின் செவிலியர் எங்களைத் தொலைபேசியில் அழைத்து, இந்த அளவுக்கு மருந்து கொடுப்பதில்லை என்றும், ஈயம் எங்கிருந்து வருகிறதோ அதை வீட்டிலிருந்து அகற்றுவதுதான் சிகிச்சை என்றும் சொன்னார். நகர நிர்வாகம் நடத்தும் மானியத் திட்டத்தைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டது அந்த அழைப்பில்தான்.

ஈயம் என்று இங்கே நான் எழுதுவது காரீயத்தை. பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயத்தை அல்ல. குடியிருப்புகளில் ஈயம் கலந்த பெயின்ட் அடிப்பது 1978-இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய வீடுகளில் அது அடுக்கடுக்காக இன்னும் இருக்கிறது. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, எச்.யு.டி. எனப்படும் கூட்டரசின் வீட்டுவசதித் துறை நகரங்களுக்கும் மாநிலங்களுக்கும் பணம் தருகிறது. அதை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது உள்ளூர் அலுவலகத்தின் பொறுப்பு. இந்த மதிப்புரை அந்த உள்ளூர் நிர்வாகத்தைப் பற்றியது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் குறையின் விலையை ஒரு குழந்தை கொடுத்தது. 2023 ஜனவரி இறுதியில் விண்ணப்பித்தோம்; வேலை தொடங்கியது அக்டோபர் நடுவில். இந்த எட்டரை மாதங்களில் ஆய்வுக்கும் ஒப்பந்தத்துக்கும் உண்மையில் தேவைப்பட்ட காலம் பாதிகூட இருக்காது. மீதி நாட்கள் பெரும்பாலும் வருமானச் சான்றுகளில் கழிந்தன. வாடகை வீடுகளுக்கான விதி இதுதான்: மானியம் பெறும் குடியிருப்புகளில் குறைந்தது பாதியில், வட்டார நடுத்தர வருமானத்தில் 50 சதவீதத்துக்கு மேல் ஈட்டாத குடும்பங்கள் இருக்க வேண்டும், மற்றவற்றில் அந்த வரம்பு 80 சதவீதம். அதாவது விண்ணப்பிப்பவர் உரிமையாளர். ஆனால் தகுதியைத் தீர்மானிப்பது குடியிருப்பவரின் சம்பளம்.

அலுவலகம் எங்களிடம் கொடுத்த படிவத்தில், குடியிருப்பவர்களின் சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கு விவரங்களையும் நாங்களே வாங்கி இணைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நீங்கள் வாடகைக்கு இருப்பவராக இருந்தால், எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள் என்பதை வீட்டு உரிமையாளரின் கையில் கொடுப்பீர்களா? அடுத்த ஆண்டு வாடகை ஏறும் என்ற பயம் எவருக்கும் வரும். மேல்தளத்துத் தாய் வீடுகளில் துப்புரவு வேலை செய்து ரொக்கமாகக் கூலி பெறுபவர். அவரிடம் சம்பளச் சீட்டே கிடையாது. கேட்கும்போதெல்லாம் "பார்க்கிறேன்" என்றார், நாங்களும் வற்புறுத்தத் தயங்கினோம், இரண்டு மாதங்கள் போய்விட்டன. ஏப்ரலில் எங்கள் கோப்பு வேறொரு அலுவலரிடம் மாறியது. அவர் ஒரு மாலையில் நேரே வந்து, எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, இரு குடும்பங்களிடமும் தனித்தனியே பேசி, கூலி வேலைக்கான உறுதிமொழிப் படிவத்தைத் தாமே நிரப்பிக் கையொப்பம் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு மாதமாக நடக்காதது ஒரு மணி நேரத்தில் முடிந்தது. இது அவர் ஒருவரின் நல்ல குணமாக நின்றுவிடாமல், முதல் நாளிலிருந்தே நடைமுறையாக இருந்திருக்க வேண்டும். திட்டத்தை நடத்துபவர்கள் யாரேனும் இதைப் படித்தால், இந்த ஒன்றை மட்டுமாவது மாற்றுங்கள் என்று மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஆய்வைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. உரிமம் பெற்ற ஆய்வாளர் கையடக்க எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியை ஒவ்வொரு சுவரிலும் கதவிலும் சன்னல் சட்டத்திலும் வைத்து அளந்தார். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது ஈயப் பெயின்ட். தரையிலும் சன்னல் விளிம்புகளிலும் ஈரத்துணியால் துடைத்துத் தூசி மாதிரிகளும் எடுத்தார். நான் உரிந்து தொங்கும் சுவர்ப் பெயின்ட்டைத்தான் எதிரியாக நினைத்திருந்தேன். அறிக்கையோ சன்னல்களைக் காட்டியது. மேலும் கீழும் இழுக்கும் பழைய மரச்சன்னலில் சட்டமும் சட்டமும் உரசும்போதெல்லாம் பெயின்ட் மாவாகி அடிப்பள்ளத்தில் சேர்கிறது. காற்று அதை விளிம்புக்கும் தரைக்கும் கொண்டுவருகிறது. தவழும் குழந்தையின் கை அங்கிருந்து வாய்க்குப் போகிறது. அந்த அறிக்கையைப் படித்த இரவில் நாங்கள் இருவரும் உறங்கவில்லை. பத்தாண்டுகளாக அந்தச் சன்னல்களை "பழமையான அழகு" என்று சொல்லி வாடகைக்கு விட்டவர்கள் நாங்கள்.

அடுத்து வந்த தாமதத்தை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கூட்டரசுப் பணம் என்பதால் சுற்றுச்சூழல் ஆய்வும், வீடு பழையது என்பதால் மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தின் கருத்தும் தேவைப்பட்டன. தெருவைப் பார்த்த நான்கு சன்னல்களை மாற்றாமல், பெயின்ட்டைச் சுரண்டி, உரசும் பக்கங்களுக்கு உலோகத் தகடு பொருத்திச் செப்பனிட வேண்டும். மற்ற பதினொன்றைப் புதிதாக்கலாம் என்று முடிவாயிற்று. ஒப்பந்தப்புள்ளி தர மூன்று ஒப்பந்தக்காரர்களை அழைத்தார்கள், ஒருவர்தான் விலை குறித்து அனுப்பினார். ஈய நீக்கத்துக்கான சான்று பெற்ற தொழிலாளர்கள் குறைவாக இருக்கும் இடத்தில், எவ்வளவு மானியம் ஒதுக்கினாலும் கோப்புகள் வரிசையில் நிற்கத்தான் செய்யும்.

செலவு 31,200 டாலர். அதில் பத்தில் ஒரு பங்கு எங்களுடையது, மீதி மானியம். வேலை நடந்த பன்னிரண்டு நாட்களும் இரு குடும்பங்களையும் சமையலறை உள்ள விடுதியில் திட்டத்தின் செலவிலேயே தங்கவைத்தார்கள். தொழிலாளர்கள் அறைகளைப் பிளாஸ்டிக் விரிப்பால் அடைத்து, பெயின்ட்டை நனைத்தே சுரண்டி, நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சியால் பலமுறை சுத்தம் செய்தார்கள்.

இந்தத் திட்டத்தின் மீது எனக்கு மதிப்பு ஏற்பட்டது கடைசி நாளில். வேலை முடிந்ததும், ஒப்பந்தக்காரரோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு ஆய்வாளர் வந்து மீண்டும் தூசி மாதிரி எடுத்தார். அப்போது எச்.யு.டி. மானியப் பணிகளுக்கு இருந்த வரம்பு, ஒரு சதுர அடிக்குத் தரையில் 10 மைக்ரோகிராம், சன்னல் விளிம்பிலும் அடிப்பள்ளத்திலும் 100. தரைகள் எல்லாம் தேறின. ஆனால் மாற்றாமல் செப்பனிட்ட தெருப்பக்கச் சன்னல்களில் ஒன்றாகிய சமையலறைச் சன்னலின் பள்ளத்தில் 160 வந்தது. கண்ணுக்கு அது புத்தம் புதிதாகத்தான் தெரிந்தது. குடும்பங்களை வீடு திரும்ப விடவில்லை. ஒப்பந்தக்காரர் மறுபடி கழுவித் துடைத்தார். இரண்டாம் பரிசோதனையில் 22 என்று வந்த பிறகுதான் அவர்கள் திரும்பினார்கள், அவருடைய இறுதித் தொகையும் அதன் பிறகே விடுவிக்கப்பட்டது. "பரவாயில்லை" என்று யாரும் கையொப்பம் போடாத ஓர் ஏற்பாட்டை நான் வேறு எந்த வீட்டுப் பணியிலும் பார்த்ததில்லை.

பத்திரப் பதிவில் மூன்றாண்டு நிபந்தனை ஒன்று இருக்கிறது: வீடு காலியானால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள குடும்பத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். சில உரிமையாளர்கள் இதைச் சுமையாக நினைத்து விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள் என்று அலுவலர் சொன்னார். எனக்கு அது சுமையாகத் தெரியவில்லை. சுத்தமாக்கிய வீடு யாருக்காகச் சுத்தமாக்கப்பட்டதோ அவர்களுக்குப் போவதுதானே முறை.

மேல்தளத்துக் குழந்தையின் இரத்தத்தில் ஈயம் அடுத்த வசந்தத்தில் 5-க்கும், அதற்கடுத்த குளிர்காலத்தில் 3-க்கும் இறங்கியது. எலும்பில் தங்கிய ஈயம் மெதுவாகத்தான் வெளியேறும் என்பதால் இன்னும் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். உங்கள் வீடு 1978-க்கு முந்தையதென்றால் எந்தக் குழந்தையின் இரத்தமும் எச்சரிக்கும் வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள். நாங்கள் அப்படிச் செய்யவில்லை.

கீழ்த்தளம் சென்ற ஆண்டு காலியானது. பார்க்க வந்தவர்களில் பத்து மாதக் குழந்தையோடு வந்த தம்பதிக்கே கொடுத்தோம். பழைய வீட்டை வாடகைக்கு விடும்போது ஈய அறிக்கைகளைக் காட்டுவது 1996 முதல் சட்டப்படி கட்டாயம். எங்களிடம் இருந்த அறிக்கைகள் முழுவதையும் அவர்களிடம் தந்தோம். அந்தத் தாய் பக்கங்களைப் புரட்டி, தம் தளத்துச் சன்னல்களின் இறுதி எண்களை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, பிறகுதான் குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டார்.